கிளை நூலகத்தில் ஊர் வரலாற்றுக் கூட்டம்: முதன்முறை நடத்துவோருக்கு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாங்கள் நடத்திய முதல் வரலாற்றுக் கூட்டத்துக்கு வைத்த தலைப்பு ‘நமது ஊர்: சங்க காலம் முதல் இன்று வரை’. பேச வந்தவர் நன்றாகப் படித்தவர். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். பல்லவர் காலத்தைத் தாண்டவில்லை. நாற்பது நாற்காலி போட்டிருந்தோம். முடியும்போது பதினோரு பேர் இருந்தோம், அதில் மூன்று பேர் நாங்களே.

நன்றியுரை முடிந்து மைக்கை அணைக்கப் போகும் நேரத்தில், பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். “தம்பி, ஏரிக்கு இப்ப மூணு மதகுதான் இருக்கு. எங்க சின்ன வயசுல நாலு இருந்துச்சு. அந்த நாலாவது எங்க போச்சுன்னு யாருக்காச்சும் தெரியுமா?” என்று கேட்டார். அதற்கப்புறம் அரைமணி நேரம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிலையம் கட்டும்போது மூடிவிட்டார்கள் என்றார் ஒருவர். அதன் கல் ஒரு டீக்கடையின் வாசற்படியாகக் கிடக்கிறது என்றார் இன்னொருவர். கிளம்பிப் போன கூட்டத்தில் பாதி தெருவிலிருந்து திரும்பி வந்தது.

அன்றிலிருந்து எங்கள் கணக்கு மாறிவிட்டது. ஊர் வரலாற்றுக் கூட்டத்தில் பேச்சாளர் கொண்டுவருவது பாதிதான். மீதிப் பாதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பிப் பேச வைப்பது எப்படி, பேசியதைச் சரிபார்ப்பது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியது இது.

போய் உட்கார்ந்து பாருங்கள்

நடத்துவதற்கு முன் இரண்டு மூன்று கூட்டங்களுக்குக் கேட்பவராகப் போய் வாருங்கள். மாவட்ட மைய நூலகங்களில் வாசகர் வட்டக் கூட்டம் நடக்கும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழாவின்போது அநேகமாக எல்லா நூலகத்திலும் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் வசதி. 1639 ஆகஸ்ட் 22-ஐ நகரத்தின் பிறந்த நாளாக வைத்து 2004 முதல் ‘மெட்ராஸ் டே’ கொண்டாடுகிறார்கள். அந்த நாட்களை ஒட்டி நகரம் முழுக்க இலவசப் பேச்சுகளும் நடைப் பயணங்களும் இருக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய இடங்களில் அரங்கே தனியாக உண்டு.

போகும்போது பேச்சை மட்டும் கேட்காதீர்கள். எந்த நேரத்தில் கூட்டம் கைப்பேசியை எடுக்கிறது, யார் கேள்வி கேட்கிறார்கள், கேட்க நினைத்தும் கேட்காமல் போகிறவர்கள் யார் என்று கவனியுங்கள். பெண்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் கடைசி வரிசையின் ஓரம்தான்.

நூலகரிடம் பேசுவது

இலவசக் கூட்டம் என்றாலே ஏதோ தயவு கேட்கப் போவதுபோல் சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில் 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். இப்போது ரூபாய்க்கு 10 பைசா. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் அந்த வரி தெரியும். கட்டணமில்லாத கூட்டத்துக்கு ஊர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டது.

ஆனால் உரிமை பேசிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். கிளை நூலகங்கள் பலவற்றில் ஒரே நூலகர்தான் இருப்பார். நாளிதழ்களை அடுக்குவது, புத்தகம் கொடுத்து வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர் தலையில். உங்கள் கூட்டம் அவருக்கு இன்னொரு சுமையாகிவிடக் கூடாது. முதல் சந்திப்பில் மூன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். நாற்காலி போட்டு எடுத்துவைப்பது நாங்கள். அரசியல், மதப் பிரச்சாரம், விற்பனை எதுவும் இருக்காது. குறித்த நேரத்தில் முடித்துவிடுவோம். இதைச் சொன்னால் பாதி நூலகர்களின் முகம் உடனே மலர்ந்துவிடும்.

அப்புறம் எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: தேதி, நேரம், தலைப்பு, பேசுபவர் பெயர், எதிர்பார்க்கும் ஆட்கள், பொறுப்பாளரின் கைப்பேசி எண். சில நூலகர்கள் தாங்களே முடிவு செய்வார்கள். சிலர் மாவட்ட நூலக அலுவலரிடம் கேட்டுத்தான் சொல்வார்கள். எனவே மூன்று வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதன் பெயரிலேயே நடத்துவது எல்லாருக்கும் எளிது. இல்லையென்றால் அதைத் தொடங்க இதுவே நல்ல சாக்கு.

தலைப்பைச் சுருக்குங்கள், இன்னும் சுருக்குங்கள்

புதிதாக நடத்துபவர்கள் எல்லாரும் செய்யும் தவறு நாங்கள் செய்ததுதான்: ஊரின் முழு வரலாற்றையும் ஒரே மாலையில் சொல்லிவிட நினைப்பது. ஒரு தெரு போதும். ஒரு குளம் போதும். வாரச் சந்தை, மூடிவிட்ட டூரிங் டாக்கீஸ், ஒரு சத்திரம், ரயில் நிலையம், பழைய அரிசி ஆலை, ஊருணி இவற்றில் ஏதாவது ஒன்று.

நல்ல தலைப்புக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அதைக் கேட்டவுடன் அறுபது வயதுக்காரர் ஒருவர் “அங்க நான்...” என்று ஆரம்பிக்க வேண்டும். ‘சோழர் கால நீர் மேலாண்மை’ என்றால் ஆரம்பிக்க மாட்டார். ‘நம் ஏரியின் நாலாவது மதகு’ என்றால் நிறுத்த மாட்டார். சோழர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள். மதகைப் பற்றிப் பேசினால் மடை, கலங்கல், நீர்க்கட்டி, குடிமராமத்து என்று வரிசையாக வந்து, கடைசியில் தானாகவே கல்வெட்டில் போய் நிற்கும்.

ஆதாரம் தேடுவது

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கோயில் சுவர். உங்கள் ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால், அதை யாரோ ஏற்கெனவே படியெடுத்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தியத் தொல்லியல் துறை 1887 முதல் ஆண்டுதோறும் கல்வெட்டு அறிக்கை வெளியிட்டது. எந்த ஊரில், எந்தச் சுவரில், யாருடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, என்ன செய்தி என்று ஓரிரு வரிச் சுருக்கம் அதில் இருக்கும். ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்ததுதான் அந்தக் கல்வெட்டின் முகவரி. முழு வாசகம் வேண்டுமென்றால் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளையும் தமிழ்நாடு தொல்லியல் துறை மாவட்ட வாரியாக வெளியிட்ட தொகுதிகளையும் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஏராளம். வீட்டிலிருந்தே, காசில்லாமல் படிக்கலாம்.

எழுத்து தெரிய வேண்டும் என்று சுவரில் சுண்ணாம்போ மாவோ சாக்பீஸ் பொடியோ பூசாதீர்கள். அது கல்லைக் கெடுக்கும். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் எழுத்து தானே எழுந்து நிற்கும். வெயில் இல்லையென்றால் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

கல்வெட்டில் ‘யாண்டு 20’ என்றிருந்தால் அது அந்த அரசர் பட்டமேறியதிலிருந்து எண்ணியது. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசரின் புகழைச் சொல்லும் பகுதிக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். அது ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன். அவர் பட்டமேறியது 985. ஆக 20ஆவது ஆண்டு 1004-05. ‘மதுரை கொண்ட கோப்பரகேசரி’ என்றால் முதலாம் பராந்தகன். வெறும் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் எந்த அரசர் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். பரகேசரி, ராஜகேசரி என்பவை சோழர்கள் மாறி மாறிச் சூட்டிக்கொண்ட பட்டங்கள். படித்தவர்களே அடித்துக்கொள்ளும் இடம் அது.

பிற்காலக் கல்லிலும் ஓலையிலும் பத்திரத்திலும் வேறு கணக்குகள் வரும். சக ஆண்டோடு 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு. நெல்லை, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு இருந்தால் 824 அல்லது 825 கூட்ட வேண்டும். வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி வரும். அது ஜூலையில் தொடங்குகிற கணக்கு. 590 கூட்டினால் தொடங்கும் ஆண்டு கிடைக்கும்: பசலி 1320 என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை, ஏனென்றால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். துந்துபி என்பது 1862-ஆ, 1922-ஆ, 1982-ஆ என்பதை வேறு குறிப்பு வைத்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்து, வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்த மாவட்ட மேனுவல்களும் கெசட்டியர்களும். மதுரைக்கு நெல்சன் எழுதியது 1868-ல், கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் எழுதியது 1887-ல், திருநெல்வேலிக் கெசட்டியர் பேட் எழுதியது 1917-ல். உங்கள் ஊர் பெரியதென்றால் அரைப் பக்கம் இருக்கும், சிறியதென்றால் ஒரு வரி. சாலை, சந்தை, பஞ்சம், நோய் பற்றியெல்லாம் வேறெங்கும் கிடைக்காத தகவல் அவற்றில் உண்டு. அதே சமயம் வரி வசூலிக்கிறவன் கண்ணால் பார்த்த ஊர் அது என்பதை மறந்துவிடக் கூடாது. சாதிகளைப் பற்றி அவர்கள் எழுதியதை அப்படியே மேடையில் வாசித்தால் வம்பு நிச்சயம். அதைவிட முக்கியம், அதில் பல தவறாகவும் இருக்கும்.

நிலத்தைப் பற்றி அறிய அ-பதிவேடு, அதாவது ஊரின் ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று புல எண் வாரியாக எழுதிய அரசுப் பதிவேடு. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். புல எண் தெரிந்தால் அரசின் இணையதளத்திலும் பார்க்கலாம். இன்று வீடுகளாக நிற்கும் ஓர் இடம் ‘குளம் புறம்போக்கு’, ‘மந்தை’, ‘களம்’ என்று பதிவாகியிருப்பதைப் பார்க்கும்போது ஊரின் பழைய உருவம் கண்முன் விரியும். பழைய கிரயப் பத்திரங்களின் சக்குபந்தி இன்னும் சுவையானது. கிழக்கே இன்னார் வீடு, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே சத்திரத்துத் தோட்டம், தெற்கே வாய்க்கால் என்று நான்கெல்லை சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு அங்கே தோட்டமும் இருக்காது, வாய்க்காலும் இருக்காது. ஐந்தாறு வீட்டுப் பத்திரங்களைச் சேர்த்துவைத்தால் மறைந்துபோன வாய்க்காலின் போக்கையே வரைந்துவிடலாம். நாங்கள் நாலாவது மதகின் வாய்க்காலைக் கண்டுபிடித்தது அப்படித்தான். ஒரு எச்சரிக்கை: யாருடைய பத்திரத்தையும் திரையில் போட்டுக் காட்டாதீர்கள். வாய்க்கால் போன வழியை மட்டும் குறித்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்தப் பத்திரத்தின் பின்னால் எந்த வழக்கு நடக்கிறது என்று நமக்குத் தெரியாது.

பள்ளி நூற்றாண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், பழைய கல்யாணப் பத்திரிகை, ஸ்டுடியோக்காரர் வைத்திருக்கும் நெகட்டிவ் எல்லாம் ஆதாரம்தான். மலர்களில் எல்லாக் கோயிலும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. அந்தப் பக்கத்தைத் தாண்டி, நன்கொடையாளர் பட்டியலுக்குப் போங்கள். ஊரில் அப்போது யார் என்ன தொழில் செய்தார்கள் என்று தெரியும்.

நினைவுக்கு வருடம் போடுவது

பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் நம்ப முடியாது. அவர்களுக்கு ஆண்டு ஞாபகமில்லை என்றில்லை. அவர்கள் வேறு நாட்காட்டி வைத்திருக்கிறார்கள். அதில் கேட்க வேண்டும்.

“அணா போய் நயா பைசா வந்தப்ப இந்தக் கட்டடம் இருந்துச்சா?” என்று கேளுங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். “தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா, அப்புறமா?” அது 1964 டிசம்பர். அண்ணா முதலமைச்சரானது 1967. அவசரநிலை 1975. எம்.ஜி.ஆர். சத்துணவு 1982. இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டுக்கொண்டே வந்தால் ஐந்து வருடத்துக்குள் நெருங்கிவிடலாம். பெண்களிடம் கேட்கும்போது இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைக்கும்: “என் மூத்தவன் தவழுற வயசு”, “நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த வருஷம்”. மூத்தவருடைய பிறந்த ஆண்டு பள்ளிச் சான்றிதழில் இருக்குமே.

பாட்டி வழியாகக் கேட்ட கதைகளில் ‘தாது வருஷப் பஞ்சம்’ வரும். அது 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சம். அதைத் தாண்டிய நினைவு எதையும் வரலாறு என்று எழுதாமல், ‘ஊரில் சொல்லும் கதை’ என்று தனியாக எழுதிவையுங்கள். கதைக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே பானையில் போடக் கூடாது.

எங்கள் பெரியவரே இதற்கு உதாரணம். நாலாவது மதகு வெள்ளைக்காரன் கட்டியது என்று அடித்துச் சொன்னார். டீக்கடைப் படியைப் புரட்டிப் பார்த்தால் கல்லின் அடிப்பக்கம் ‘1958’ என்று மதகைக் கட்டியவர்கள் வெட்டியிருந்தார்கள். அவரிடம் காட்டியபோது சிரித்துவிட்டு, “அப்ப அந்தத் தொப்பி போட்ட ஓவர்சியர் நம்ம ஆளுதானா?” என்றார். மதகு இருந்த இடம், அதன் அகலம், தண்ணீர் பாய்ந்த வயல்கள் என அவர் சொன்ன மற்றதெல்லாம் சரியாக இருந்தது. ஆண்டு மட்டும் தவறு. பார்த்ததை மனிதர்கள் சரியாகச் சொல்வார்கள். எப்போது என்பதில்தான் வழுக்குவார்கள்.

பேசுபவர் யார்?

பேராசிரியர்தான் வேண்டும் என்றில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர், தபால்காரர், நாதஸ்வரக்காரர் என்று யாராகவும் இருக்கலாம். வெளியூர் ஆய்வாளர் ஒருவரை அழைத்தால் போக்குவரத்துச் செலவைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். கூட்டம் இலவசம் என்பது அவருடைய பேருந்துக் கட்டணத்துக்குப் பொருந்தாது. பேசுபவரிடம் நாற்பது நிமிடம் என்று முதலிலேயே சொல்லி, முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு சீட்டு வரும் என்றும் சொல்லிவிடுங்கள். முகத்துக்காக இதைச் சொல்லாமல் விட்டு நாங்கள் பட்டதை ஆரம்பத்திலேயே எழுதிவிட்டேன்.

நாள், இடம், நோட்டீஸ்

கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாவது சனியும் இருக்காது. ஞாயிறு காலை பத்தரை மணி எங்களுக்கு ஒத்துவந்தது. தேதி குறிக்கும் முன் நாட்காட்டியில் முகூர்த்த நாளா என்று பாருங்கள். ஆவணி முகூர்த்த ஞாயிற்றில் உங்கள் பேச்சுக்கு எதிரே நாலு கல்யாணப் பந்தி நிற்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள். ஆனால் பக்கத்தில் அம்மன் கோயில் இருந்தால் கூம்பு ஒலிபெருக்கியோடு போட்டி போட வேண்டியிருக்கும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

முட்டி வலிக்காரர்கள் மாடி ஏற மாட்டார்கள், நமக்கு வேண்டியதோ அவர்களைத்தான். அதனால் தரைத்தளம். கழிப்பறை திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள். அறை சிறியதாக இருந்தால் மைக் வேண்டாம். மைக் இருந்தால் எல்லாரும் மேடைப் பேச்சு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கட்டைவிரல் நிறைய வரும், ஆட்கள் வர மாட்டார்கள். அரைத்தாள் நோட்டீஸ் நூறு ஜெராக்ஸ் எடுத்து டீக்கடை, சலூன், ரேஷன் கடை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலை நடக்கும் இடம் என்று நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். நோட்டீஸில் தலைப்புக்குக் கீழே இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: ‘பழைய போட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள். உடனே படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.’ எங்கள் இரண்டாவது கூட்டத்தில் ஆட்கள் மும்மடங்கானதற்கு இந்த ஒரு வரிதான் காரணம் என்று நினைக்கிறேன். ஃபிளெக்ஸ் வைக்காதீர்கள், அதில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு பஞ்சாயத்து தனியாக நடக்கும்.

நாற்காலி வாடகை, டீ, சுண்டல், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டியதில்லை. நாலைந்து பேர் பகிர்ந்துகொள்கிறோம். வாசலில் உண்டியல் வேண்டாம். யாராவது பணம் தர வேண்டும் என்று வற்புறுத்தினால் நூலகத்தின் புரவலராகச் சேரச் சொல்லி நூலகரிடம் அனுப்பிவிடுங்கள்.

கூட்டம் நடக்கும் அந்த இரண்டு மணி நேரம்

தமிழ்நாட்டுக் கூட்டங்களின் தீராத நோய் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை. எல்லாரும் ‘இரண்டு நிமிடம்’ பேசி முடிக்கும்போது ஒரு மணி நேரம் போயிருக்கும். நாங்கள் வரவேற்பை நூலகருக்கு மட்டும் வைத்தோம், மற்றதையெல்லாம் எடுத்துவிட்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டார், அடுத்த கூட்டத்துக்கு வந்துவிட்டார். பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம் கொடுங்கள்.

நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போடுங்கள். நடுவில் ஒரு மேசை. மேசைமேல் நாலு சார்ட் பேப்பரை ஒட்டி, ஊரின் வரைபடத்தைக் கையாலேயே பெரிதாக வரைந்து வையுங்கள். ஏரி, கோயில், பெரிய தெருக்கள், ரயில் பாதை இவை போதும். மிச்சத்தைக் காலியாக விடுங்கள். அழகாக வரையத் தேவையில்லை, சொல்லப்போனால் வரையக் கூடாது. அழகாக இருந்தால் கைவைக்கப் பயப்படுவார்கள். பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாக்கள்.

பேச்சு முடிந்ததும் ‘கேள்வி இருந்தால் கேட்கலாம்’ என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் வழக்கமாகப் பேசும் மூன்று பேர் மட்டும் எழுந்து கேள்வி என்ற பெயரில் உரையாற்றுவார்கள். டீ கொடுத்து, எல்லாரையும் மேசைக்கு அழையுங்கள். “உங்க வீடு எங்க இருக்கு, காட்டுங்க” என்று ஆரம்பியுங்கள். அதற்கப்புறம் உங்களுக்கு வேலை இல்லை. “இங்க ஒரு கிணறு இருந்துச்சே”, “அது கிணறு இல்ல, கேணி”, “ரெண்டும் ஒண்ணுதான்யா” என்று படம் தானாக நிரம்பும். இரண்டு இளைஞர்களைக் குறிப்பெடுக்க நிறுத்துங்கள்: சொன்னவர் பெயர், வயது, தானே பார்த்ததா, கேட்டதா. இந்தக் கடைசிக் கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள்.

மேடையில் வாய் திறக்காத பெண்கள் மேசையைச் சுற்றி நிற்கும்போது பேசுகிறார்கள். தண்ணீர் எடுத்த இடம், சாணி தட்டிய இடம், பிரசவம் பார்த்தவர் வீடு என்று ஆண்கள் ஒருவரும் குறிக்காத இடங்களையெல்லாம் அவர்கள்தான் குறித்தார்கள்.

பெருமையும் சண்டையும்

எல்லா ஊரிலும் இது வரும், தயாராக இருங்கள். “இந்த ஊரையே உண்டாக்கினது எங்க வகையறாதான்” என்று ஒருவர் எழுந்திருப்பார். மறுத்து வாதம் செய்யாதீர்கள். “நல்லது ஐயா, அதுக்கு ஓலை, பட்டயம், பத்திரம் ஏதாவது இருக்கா? இருந்தா அடுத்த தடவை அதையே தலைப்பா வெச்சுக்கலாம்” என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் அதே கேள்வி, அதே குரலில். நமக்கு வேண்டியவர் சொன்னாலும் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கம், யாருமே சொல்லாமல் தாண்டிப்போகும் விஷயங்கள் உண்டு. எந்தக் கிணற்றில் யார் இறங்க முடியாது, எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்க முடியாது என்பதும் ஊர் வரலாறுதான். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. அதற்கு அப்புறமும் நம் ஊர்க் கோயிலில் எத்தனை வருடம் ஆயிற்று என்பது அச்சில் எங்கும் இருக்காது. காலனியிலிருந்து ஆட்களை அழைப்பது என்றால் நோட்டீஸை அங்கேயும் ஒட்டுவது மட்டும் போதாது. முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ப் பேசி, அவர்கள் சொல்ல விரும்புவதை மட்டும், அவர்கள் விரும்பும் முறையில் சொல்ல இடம் கொடுப்பது. எல்லார் முன்னாலும் சொல்லப் பிரியமில்லை என்றால் வற்புறுத்தாமல் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வரைபடத்தில் ஏரிக்குத் தெற்கே ஒரு நடைபாதை இருக்கிறது. ஊருக்குள் வராமல் வயலுக்குப் போக ஒரு தெருக்காரர்கள் மட்டும் சுற்றிப் போன பாதை. அது எந்த அரசு வரைபடத்திலும் இல்லை.

போட்டோவும் பொருளும்

கொண்டுவரும் படங்களை ஜன்னலோரம் மேசையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து கைப்பேசியில் எடுங்கள். முன்பக்கம் எடுத்ததும் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் பின்னால் எதுவும் எழுதாதீர்கள். எதையும் வீட்டுக்கு வாங்கிப் போகாதீர்கள், ஒரு நாளைக்குக்கூட வேண்டாம். எங்களில் ஒருவர் ‘ஸ்கேன் செய்து தருகிறேன்’ என்று வாங்கிப்போன கல்யாணப் படம் ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஓலைச்சுவடி வந்தால் கழுவவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். சிலையோ பழங்காசோ மண்ணிலிருந்து எடுத்தது என்று யாராவது கொண்டுவந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லி, தாசில்தார் அலுவலகத்துக்கு வழிகாட்டுங்கள். மேசைமேல் பரப்பி வைத்துப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள்.

முடிந்த அப்புறம்

ஒரு வாரத்துக்குள் இரண்டு பக்கக் குறிப்பு எழுதிவிடுங்கள். தாமதித்தால் யார் என்ன சொன்னார் என்பது குழம்பிவிடும். ஆதாரம் கிடைத்தவை, நேரில் பார்த்தவர் சொன்னவை, கேள்விப்பட்டவை என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் போதும். ஒரு பிரதியையும் படங்களையும் ஒரு கோப்பில் போட்டு நூலகத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். குறிப்பில் பெயர் உள்ளவர்கள் எல்லாருக்கும் ஒரு பிரதி வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். தவறு இருந்தால் அப்போதுதான் சொல்வார்கள். எங்கள் நாலாவது மதகுக் குறிப்பில் மூன்று திருத்தம் திண்ணையில்தான் கிடைத்தது.

வரைபடத்தைச் சுருட்டிப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த கூட்டத்துக்கு அதையே விரிக்க வேண்டும். எங்களுடையதில் இப்போது நூற்றுக்கு மேல் குறிகள் இருக்கின்றன. ரயில்வே கேட்டுக்கு மேற்கே ஒருவர் வட்டம் போட்டு ‘சாவடி’ என்று எழுதியிருக்கிறார்; இன்னொருவர் அதை அடித்துவிட்டு ‘சாவடி இல்லை, லங்கர்கானா’ (இலவசமாகச் சோறு போடும் இடம்) என்று எழுதியிருக்கிறார். ஆடி இரண்டாவது ஞாயிறு, காலை பத்தரைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.